சிவப்புப் பொட்டு வைத்த தோட்டாக்கள்

என்னிடம் துவக்கு இருக்கிறது என்று அறிந்த லண்டன் தமிழர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குரலைத் தணித்து, பக்கத்தில் ஆராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் இயக்கத்தில இருந்தனீங்களோ?" விம்பிள்டன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்டார்கள். கிழக்கு லண்டனில் ஒரு சாமத்தியவீட்டில், வாயில் அரைவாசி வடையோடு ஒரு மனுசி கேட்டா. "இல்லை, நான் பள்ளிக்கூடத்தில வேலை செய்யிறன்" என்பேன். நம்பமாட்டார்கள். ஒரு ஆம்பிளை ஞாயிற்றுக்கிழமை கொல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் அவரை ஒருத்தரும் எந்தப் படையில் இருந்தவர் என்று கேட்பதில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அங்கிருந்து வெளிக்கிடும் வரைக்கும் துவக்கு என்றால் அதன் முன்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்த உடுப்புப் போட்டவன் பிடித்திருந்தாலும் குழாயின் வாய் என் பக்கம்தான் இருந்தது. பிறகு டென்மார்க், அங்கே கலியாணம், பிறகு லண்டன், ஹரோவில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை. அங்கே இரசாயனம் படிப்பிக்கிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, தன்னுடைய துவக்குக் கிளப்பில் விருந்தாளிகள் வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். லண்டனுக்கு வெளியே, சரே பக்கம், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு ரேஞ்ச். பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். துவக்கை என் தோளில் பொருத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அதன் பின்பக்கத்தில் இருந்தேன். அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழும்பின உடனே, எங்கே பெயர் பதிய வேண்டும் என்று கேட்டேன்.

என் மனுசனுக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் பஸ் ஓட்டியவர். எவ்வளவு பெரிய ட்ராஃபிக்கிலும் ஹோர்ன் அடிக்காத மனுசன்.

"உமக்கென்ன விசரே? உதுக்குப் பயந்துதானே கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள்?"

"ஓடினது காணும். இனி நான் படுத்துக்கொண்டு சுடப் போறன்."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை நான் என்றைக்கும் சிறிதாக நினைத்ததில்லை. ஊரில் சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள் தெரு, ஒழுங்கையெல்லாம் கிடக்கும். பள்ளிக்கூடப் பெடியள் அதைப் பொறுக்கி உதட்டில் வைத்து ஊதி விசில் அடிப்பார்கள். இவரோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவன் ஒருவன் அப்படி ஒரு கோதைச் சேர்ட் பொக்கற்றில் மறந்துபோய் விட்டுவிட்டான். சோதனைச் சாவடியில் மறித்துப் பொக்கற்றில் கை விட்டார்கள். இவர் பின்னால் சைக்கிளோடு நின்று பார்த்தவர். அவனைக் கொண்டுபோனார்கள். பிறகு அவன் திரும்பி வரவில்லை. அன்றையில் இருந்து இந்த மனுசன் கோது என்ற சாமானைக் கையால் தொட்டதில்லை. சேர்ட் பொக்கற்றில் பேனைகூட வைக்கமாட்டார்.

ஆனாலும் லைசன்ஸுக்குப் பொலிஸிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவியைப் பற்றி ஏதாவது கவலை உண்டா?" என்று இவரைத் தனியாகக் கேட்டபோது, இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கோபக்காரி. ஆனால் என்னோடு மட்டும்தான்" என்று சொல்லி, வந்தவரின் தட்டில் இன்னொரு பற்றிஸ் வைத்தாராம்.

எங்கள் வீட்டின் சின்ன அறை எனக்கு. அங்கேதான் நான் தோட்டா செய்வது. கிளப்பில் பலர் கடையில் பெட்டியாக வாங்குகிறவர்கள். எனக்கு அது சரிவராது. கடையில் விற்பது நடுத்தரம். எல்லாத் துவக்குக்கும் பொதுவாகச் செய்தது. என் துவக்கு அப்படிப் பொதுவான சாமான் அல்ல. எனவே சுட்ட பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, ஒரு கைபிடி வைத்த அமத்தியில் வைத்துப் பழைய அளவுக்கு நெருக்குவேன். அந்த அமத்தியைப் பார்த்தால் இடியப்ப உரலின் அண்ணன் என்று நினைப்பீர்கள். பிறகு அடியில் பொறி தட்டும் சின்னக் கிண்ணம், உள்ளே தராசில் நிறுத்த வெடிமருந்து, முன்னால் சன்னம் என்கிற ஈயக் குண்டு. பறந்து போவது அந்தச் சன்னம் மட்டும்தான். மற்ற எல்லாம் அதைத் தள்ளிவிடுகிற வேலைக்கு.

அந்தச் சன்னத்தில்தான் எனக்கும் கிளப்புக்கும் தொடக்கத்தில் இருந்தே கொழுவல். குழாயின் உட்சுவரில் சுருளாக வரி வெட்டியிருக்கும். சன்னத்தைச் சுழற்றி நேராக அனுப்புவது அந்த வரி. என் துவக்கில் சுருள் மிக நெருக்கம். நீளமான, கனத்த சன்னங்களுக்கென்றே யாரோ சொல்லிச் செய்வித்தது. ஆகவே நான் கிடைக்கிறதுக்குள் ஆகக் கனத்த சன்னத்தைத்தான் போடுவேன். "லொறி வருகிறது, ஒதுங்குங்கள்" என்று கிளப்பில் பகிடி. ஒதுங்கட்டும். என் லொறி காற்றுக்கு அசையாமல் போய்ச் சேர்ந்தது, அவர்களுடையது பக்கத்து வயலுக்குப் போனது.

இப்படி இருக்கையில் ஒரு மழைநாள் ஹரோ ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தேன். வலது தோள். சத்திரசிகிச்சை செய்து தோளுக்குள்ளே ஏதோ நூல் போட்டுக் கட்டினார்கள். அந்த வருட ஆண்டுப் போட்டி போய்விட்டது.

இந்த ஆண்டுப் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு பழைய சட்டம். முந்நூறு யார், அதாவது முந்நூறு கஜம், பிறகு அறுநூறு யார் என்று இரண்டு தூரமும் சுட்டு முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து தவறவிட்டால் முழு அங்கத்துவம் போய்விடும். முழு அங்கத்துவம் போனால் இந்தத் துவக்கை வைத்திருக்க எனக்குக் காரணம் இல்லை என்று பொலிஸ் சொல்லும். அதாவது அடுத்த போட்டியைத் தவறவிட்டால் என் துவக்கு போய்விடும்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி தந்த பிசியோ தமிழ்நாட்டுப் பிள்ளை, மதுரை. முதல் நாளே கேட்டாள்.

"என்ன மேடம், இந்தக் கையால மறுபடி என்ன செய்யணும்னு ஆசை? சமையலா, டிரைவிங்கா?"

"துவக்கு சுடவேணும்."

"அய்யய்யோ! துப்பாக்கியா? நிஜமாவா?" சிரித்து முடித்த பிறகு முகத்தை நேராக்கினாள். "மேடம், உதைக்கிற எதையும் இந்தத் தோள் இப்ப தாங்காது. ஆனா முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். வெயிட் தூக்கறவங்க எங்க ஆரம்பிப்பாங்க? ஒரு தண்ணி பாட்டில். இருக்கறதுலயே லேசா எடுங்க. மெதுவா, ஆனா விடாம."

இருக்கிறதுக்குள் லேசானது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அதுதான் என் தலைக்குள் ஓடியது. சன்னம் லேசானால் உதையும் குறையும். லொறி ஓட்டியவள் இனிச் சைக்கிளில் போகலாமே.

கிளப் கப்டனுக்குச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற மனுசர், வெள்ளை மீசை, மிக நல்லவர். அதுதான் அவரிடம் உள்ள கரைச்சல். கெட்டவன் என்றால் திருப்பிப் பேசலாம். இவர் தலையைச் சரித்து, கண்ணில் இரக்கத்தோடு, "அந்தத் துவக்குக்கு லேசான சன்னம் பொருந்தாது, என் அன்பே. பெரிய துவக்கை விட்டுவிட்டுச் சின்னதுக்கு மாறுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை" என்றார். சன்னம் கனத்தாலும் குற்றம், லேசானாலும் குற்றம். கலியாணத்துக்கு முதல் என்னைத் தும்புத்தடி என்றவர்களும் பிள்ளை பெற்ற பிறகு பூசணிக்காய் என்றவர்களும் இப்படித்தான் இரக்கமாகப் பார்த்தார்கள்.

அறைக்குள் போனேன். அமத்தியின் கைபிடி வலது கைக்கு ஏற்ற மாதிரிப் பூட்டியிருந்தது. ஸ்பானர் எடுத்து, எல்லாவற்றையும் கழற்றி, மேசையின் மற்றப் பக்கம் திருப்பிப் பூட்டினேன். இடது கையால் நெருக்கப் பழகினேன். முதல் சனிக்கிழமை பாதிக் கோது நெளிந்தது. தூஷணம் எனக்கு வராது, ஆனால் அன்றைக்கு வந்தது. கதவுக்கு வெளியே இவர் தேத்தண்ணியோடு நின்று, "உள்ள ஆரோட சண்டை?" என்று கேட்டார். உள்ளே வரமாட்டார். தேத்தண்ணியை வாசலில் நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கனத்ததும் லேசானதும் ஒரே மேசையில் இருந்தால் ஆபத்து. லேசான சன்னத்துக்கு நிறுத்த மருந்தைக் கனத்த சன்னத்தின் பின்னால் போட்டால் துவக்கே வெடிக்கலாம். எனவே ஒரு வகை முடிந்து, பெட்டியில் அடைத்து, அலுமாரியில் பூட்டிய பிறகுதான் மற்ற வகையைத் தொடுவேன். அதோடு, லேசான தோட்டா ஒவ்வொன்றின் அடியிலும் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். கனத்ததுக்குப் பொட்டில்லை. காயட்டும் என்று ஒரு தட்டில் வைத்து யன்னலடியில் விட்டிருந்தேன். இவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"என்ன, எல்லாம் சுமங்கலியள் போல?"

"ஓம்."

"அப்ப மற்றப் பெட்டியில இருக்கிறவை?"

"அவை ஒருத்தரையும் கட்டேல்லை. நிம்மதியா இருக்கினம்."

சிரித்துக்கொண்டு போனார். அந்த அறையைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சோதித்துப் பார்க்கப் போனோம். நான் கார் ஓட்ட ஏலாது, இவர்தான் ஓட்டினார். இவர் காருக்குள்ளேயே கண்ணாடி முழுதும் ஏற்றிவிட்டு, ரேடியோவைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் பாயில் படுத்துச் சுட்டேன். உதை இருந்தது, ஆனால் பிசியோ பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவுதான். சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் இலக்கைப் பார்க்கும் வரைக்கும்தான். கடதாசியில் ஒரு ஓட்டையும் இல்லை. இன்னொன்று சுட்டேன். இல்லை. இன்னொன்று. கடதாசி வெள்ளைவெளேரென்று நின்றது. பக்கத்துப் பாயில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

கப்டன் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதி வழியில் ஒரு சாம்பல் புகை. அவ்வளவுதான். உங்கள் சன்னங்கள் போய்ச் சேரவே இல்லை" என்றார்.

தோட்டாவைத் தாங்களே செய்கிறவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை அது. லேசான சன்னம் என்றால் வேகமாகத்தான் போக வேண்டும் என்று அனுமதித்த எல்லையின் மேற்பக்கத்துக்கு மருந்து நிறுத்துவிட்டேன். மெல்லிய செப்புத் தோல், உள்ளே ஈயம். நெருக்கமான சுருளில் அந்த வேகத்தில் சுழன்றால் என்ன நடக்கும்? மூடி போடாமல் மிக்ஸியைத் திருகினால் சம்பல் சுவரெல்லாம் தெறிக்குமே, அதுதான் நடுவானில் நடந்தது.

நான் சாமான்களை அடுக்கிக்கொண்டு கார்ப் பார்க்குக்கு வந்தபோது கப்டன் என் மனுசனோடு கார்க் கண்ணாடி வழியாகக் கதைத்துக்கொண்டு நின்றார். கையும் குலுக்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார், ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு.

"அந்த மனுசனுக்கு உம்மட துவக்கில கன நாளாக் கண்ணாம். போட்டிக்குப் பிறகு தான் அதை விலைக்கு எடுக்கிறன் எண்டார். நான் ஓம் எண்டிட்டன்."

"ஆரைக் கேட்டு?"

"தோள் போச்சு. சன்னம் புகையாப் போகுது. இன்னும் என்ன?"

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்?"

அவர் ரேடியோவைப் போட்டார். ஹரோ வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் கன நாள் "சாப்பாடு மேசையில்" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு எரிச்சல் எனக்கு. ஊரில் இருந்து ஓடி வந்ததில் வீடு, படிப்பு, பல்லாங்குழி விளையாடின சினேகிதிகள், எல்லாம் மற்றவர்கள் தீர்மானித்துப் போனவை. இது ஒன்றாவது நான் விடும்போதுதான் போக வேண்டும்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அறைக்குள் இருந்தேன். தெருவில் மற்றச் சனங்கள் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகும் நேரம் என் தராசுக்கு முன்னால் இருப்பேன். ஹீட்டர் போட்டால் காற்று அசைந்து தராசு ஆடும். எனவே கம்பளிக் கோட்டோடு இருந்தேன். சன்னத் தொழிற்சாலை வெளியிட்ட புத்தகத்தில் இதற்குக் கீழே போகாதே என்று ஒரு எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே போகாமல், ஆனால் அதன் வாசலிலேயே நின்றேன். மெல்லப் போகும் லேசான சன்னம், முந்நூறு யாருக்கு. அறுநூறுக்கு லேசானது சரிவராது, காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு என் பழைய லொறிதான், ஆனால் அதுவும் மெல்ல. வெடிக்கிற உதை இல்லாமல் தள்ளுகிற உதை. கிளப்பில் ஒருத்தரும் இப்படிச் செய்வதில்லை. இரண்டு அந்தத்திலும் நான், நடுவில் அவர்கள்.

போட்டி நாள் வந்தது. பிசியோ பிள்ளை பார்த்துப் பார்த்துக் கட்டின தோள். தோளுக்கும் துவக்குக்கும் நடுவில் வைக்க ஒரு பஞ்சு மெத்தை. இவர் காரை ஓட்டினார், எங்களுக்குள் இன்னும் பேச்சு இல்லை. நான் காரை விட்டு இறங்கினதும் கப்டன் வந்துவிட்டார். முகத்தில் அதே இரக்கம்.

"ஒரு சிக்கல். உங்களுக்கு மார்க் பண்ண ஏலாதே."

அது உண்மை. சுடுகிறவர் மற்றவர்களுக்கு ஒரு முறை மார்க் பண்ணவும் வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். இலக்குகளுக்குக் கீழே மண் அணைக்குப் பின்னால் ஒரு நீளக் கிடங்கு, ஆள் உயரப் பள்ளம். அதற்குள்ளே இருந்து, ஒவ்வொரு வெடிக்கும் இலக்கை இழுத்து இறக்கி, ஓட்டையில் ஒரு வட்டம் குத்தி, திரும்ப ஏற்ற வேண்டும். பாரமான மரச்சட்டம். என் தோள் அதைத் தாங்காது. முடியாதவர் ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும். நான் ஒருத்தரையும் கொண்டுவரவில்லை. தோட்டாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் இதை மறந்தே போனேன்.

அடுத்ததைக் கப்டன் எனக்குச் சொல்லவில்லை, கார்க் கண்ணாடி வழியாக இவருக்குச் சொன்னார். ஆம்பிளைக்கு ஆம்பிளை. "எதற்காக அவரை வருத்த வேண்டும்? பாவம், அவரால் இனி ஏலாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கே துவக்கை எடுத்துக்கொள்கிறேன்."

அழுதால் அந்த மனுசன் தோளில் தட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எங்கள் கார்க் கதவு திறந்தது. என் மனுசன் இறங்கினார். ஜாக்கெட்டின் ஸிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்தார்.

"நான் வாறன். எங்க அந்தக் கிடங்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், பல்லுக்குள்ளால், "என்ர மனுசிக்கு ஏலாதெண்டு நான் சொல்லலாம். உவர் ஆர் சொல்ல?"

"இஞ்சேருங்கோ, அது தலைக்கு மேலால போகும். சத்தம் பயங்கரமா இருக்கும். உங்களுக்கு ஏலாது."

"பாத்தீரே? நீரும் உதைத்தான் சொல்லுறீர்."

போய்விட்டார். மார்க் பண்ணுகிறவர்களின் வான் வண்டியில் ஏறி, தோள்கள் இரண்டையும் காது வரைக்கும் உயர்த்திக்கொண்டு இருந்தார். யன்னலால் என்னைப் பார்க்கவில்லை.

முந்நூறு யார். பாயில் படுத்தேன். பெட்டியைத் திறந்தேன், வரிசையாகச் சிவப்புப் பொட்டு. அந்த மண் அணைக்குப் பின்னால் என் மனுசன் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் தலையில் இல்லை. அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் படுத்துக்கிடந்த மனுசனின் உடம்புக்கு அது தெரியுமா? தலைக்கு மேலால் சவுக்கு அடித்த மாதிரி ஒரு வெடிப்பு, அதுவும் அவருடைய சொந்த மனுசி அனுப்பியது. மூச்சை மெல்ல விட்டு, விசையை அமத்தினேன்.

இலக்கு கீழே இறங்கவில்லை.

மற்ற எல்லா இலக்குகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என்னுடையது மட்டும் அப்படியே நின்றது. திரும்பவும் புகையாகப் போய்விட்டதோ? இல்லை, இவருக்கு ஏதும் ஆகிவிட்டதோ? பின்னால் கப்டன் தொலைநோக்கியைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. எழும்பி ஓட வேண்டும் போல் இருந்தது. ரேஞ்சில் அப்படி எழும்ப ஏலாது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

திறந்தபோது இலக்கு ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது, புதிதாகப் பழகுகிறவன் இழுக்கிற மாதிரி. கீழே கன நேரம் இருந்தது. பிறகு ஏறியது. கறுப்பின் நடுவில் இருந்து கொஞ்சம் இடது பக்கம், ஒரு வட்டம் குத்தியிருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது! பாயில் முகத்தை வைத்துச் சிரித்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர் நான் அழுகிறேன் என்று நினைத்து, "ஆர் யூ ஓகே?" என்றார்.

அதற்குப் பிறகு இலக்கு ஒழுங்காக இறங்கியது, ஒழுங்காக ஏறியது. பஸ் ஓட்டினவர் அல்லவா, ஒரு ஸ்டொப்பையும் விடவில்லை. அறுநூறு யாருக்குப் பின்வாங்கினோம். பொட்டில்லாத பெட்டியைத் திறந்தேன். மெல்லப் போகிற கனத்த சன்னம் போகப் போகக் கீழே சரியும், எனவே குறிகாட்டியை மேலே மேலே ஏற்ற வேண்டியிருந்தது. "என்ன, காகம் சுடவா?" என்று ஒருவர் கேட்டார். "நீங்கள் பேசாமல் உங்கள் காற்றைப் பாருங்கள்" என்றேன். தோள் நொந்தது, பொய் சொல்லமாட்டேன். கடைசி வெடிக்குள் பல்லு நறநறத்தது. ஆனால் எல்லாம் கடதாசியில். நான் வெல்லவில்லை. பட்டியலின் நடுவில் எங்கேயோ வந்தேன். இரண்டு தூரமும் முடித்தேன், அது காணும்.

வான் திரும்பி வந்தது. இவர் இறங்கினார். ஜாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க மண். கப்டன் கையை நீட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

"அவர் அருமையாக முடித்துவிட்டார். நல்ல விடைபெறல். அப்போ, நாங்கள் கதைத்த விடயம்..."

"ஓம், கதைச்சனாங்கள்" என்றார் என் மனுசன். அவருடைய ஆங்கிலம் பஸ்ஸில் பழகின ஆங்கிலம், சுருக்கமும் உறுதியும். "நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். அது என் சாமான் அல்ல. என் சாமான் இல்லாததை நான் எப்படி விற்பது? அவவைக் கேளுங்கள்."

கப்டன் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன். வேறு விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னதில் எனக்கிருந்த சுகம் எந்தக் கோப்பையிலும் கிடைத்திராது.

அவர் போன பிறகு இவரின் ஜாக்கெட்டைத் தட்டினேன். "இது என்ன மண்?"

"முதல் வெடிக்கு நிலத்தில படுத்திட்டன். முகம் குப்புற. அங்க நிண்ட வெள்ளைக்காரன்தான் பிடிச்சு எழுப்பினவன்." தானும் ஜாக்கெட்டை ஒருமுறை தட்டினார். "எழும்பிப் பாத்தன். கடதாசியில ஒரு ஓட்டை. கடதாசியில மட்டும்தான். சுத்திவர எல்லாரையும் பாத்தன், எல்லாரும் நிக்கினம்."

துவக்கை உறைக்குள் வைத்துப் பூட்டப் போனேன். அப்போதுதான் நினைவு வந்தது, கடைசியாகச் சுட்ட கோதுகளைப் பாயிலேயே விட்டுவிட்டேன். குனிய வேண்டும். தோள் நெருப்பாய் எரிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

என் மனுசன் பாயருகே குந்தியிருந்தார். ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பித்தளையில் மண் ஒட்டியிருந்திருக்க வேண்டும், உள்ளங்கையில் போட்டு ஊதினார். ஒன்றை உயர்த்தி, திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டின் ஸிப்பை இறக்கி, எல்லாவற்றையும் அள்ளிச் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டார். பொக்கற் கனத்துத் தொங்கியது.

காருக்குள் ஏறி பெல்ட்டைப் போட்டோம். அவர் நெஞ்சில் அது கிலுங்கிக்கொண்டிருந்தது. "அதை என்ர பெட்டிக்குள்ள போடுங்கோவன்" என்றேன். தலையாட்டி மறுத்தார்.

"வழியில பொலிஸ் மறிச்சா?"

"மறிக்கட்டும்." காரை எடுத்தார். "என்ர மனுசியின்ர எண்டு சொல்லுறன்."